சான்றிதழ் 23, கிளினிக்கில் மாறியது என்ன?

கேள்வி: பேராதனையில் கால்நடை வைத்தியப் பட்டம் பெற்று, நான்கு வருடமாகத் தெஹிவளையில் ஒரு செல்லப்பிராணி கிளினிக்கில் வேலை செய்கிறேன். கிழமைக்கு ஆறு நாள் டியூட்டி. இரவில் கண்விழித்து வெபினார் பார்த்து 23 சான்றிதழ் சேர்த்துவிட்டேன். ஆனால் மறுநாள் நான் எழுதும் மருந்துச் சீட்டில் ஒன்றும் மாறவில்லை. வெளிநாட்டுக் கோர்ஸுக்கு டொலரில் கட்ட வசதியில்லை. எங்கள் பெரிய டொக்டரோ, “இருபத்தைந்து வருடமாக இப்படித்தான் செய்கிறோம்” என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த 23 சான்றிதழையும் ஒரு ஃபைலில் போட்டு அலுமாரியில் வையுங்கள். வெளிநாடு போகும் எண்ணம் வந்தால் ஒருநாள் உதவும். இப்போது எடுக்க வேண்டியது கிளினிக்கின் பதிவுப் புத்தகம். கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன வந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். நான் எண்ணிப் பார்த்தபோது தோலும் காதும் முதலிடத்தில் நின்றன. பிறகு உண்ணிக் காய்ச்சல், வாந்தியும் வயிற்றோட்டமுமாக வரும் குட்டிகள், மூத்திரம் அடைத்த ஆண் பூனைகள், தடுப்பூசி. அதே கிழமை நான் உட்கார்ந்து பார்த்த வெபினார், நாயின் முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. பற்றியது. எங்கள் எக்ஸ்ரே மெஷினே அப்போது பழுது.

அந்தப் பட்டியலில் முதல் ஐந்தை எடுங்கள். மாதத்துக்கு ஒன்று போதும்.

உண்ணிக் காய்ச்சலையே பார்ப்போம், இதில் நானும் சூடு பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் வந்தது. ஈறு வெள்ளைத்தாள் மாதிரி. இரத்தத்தை ஸ்லைடில் இழுத்துப் பார்த்த ஸ்மியரில் சிவப்பணுவுக்குள் சின்னச் சின்ன மோதிரங்கள். டிமினசீன் ஊசி போட்டேன். மூன்றாம் நாள் வாலை ஆட்டிக்கொண்டு சோறு தின்றது. வீட்டுக்காரர் சந்தோஷத்தில் ஒரு பலாப்பழம் கொண்டுவந்து தந்தார். ஏழு கிழமையில் அதே நாய், அதே ஈறு. புதிதாக ஏதோ உண்ணி கடித்திருக்கும் என்று சமாதானம் சொல்லி, அதே ஊசியை மறுபடி போட்டேன். பலாப்பழத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த மோதிரங்கள் பபீசியா என்ற, உண்ணி பரப்பும் கிருமி. நம் ஊர் நாய்களில் அடிக்கடி காணும் பபீசியா கிப்சோனை அதில் சின்ன இனம். டிமினசீன் அதை அமுக்கி வைக்குமே தவிர முழுதாகத் துடைக்காது. திரும்பத் திரும்பப் போட்டால் மூளையைப் பாதிக்கும் ஆபத்தும் உண்டு. அடோவாகோன் கிலோவுக்கு 13.3 மில்லிகிராம் எட்டு மணிக்கொரு தடவை, அதோடு அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் நாளுக்கு ஒரு தடவை, பத்து நாள்: இதுவே பரவலாக ஏற்கப்பட்ட முறை. அடோவாகோனைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்ல மறக்காதீர்கள், வெறும் வயிற்றில் உடம்பில் சரியாகச் சேராது. விலை கையைக் கடிக்கும்; அதை மறைக்காமல் முதலே வீட்டுக்காரரிடம் கதைத்துவிடுங்கள். முடித்து இரண்டு மாதம் கழித்து பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் இரத்தப் பரிசோதனை) பார்த்தால்தான் போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா என்று தெரியும்.

வெளிநாட்டு விரிவுரைகளில் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பியப் பேச்சாளர் ‘பபீசியா’ என்று சொல்லும்போது பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது பபீசியா கேனிஸ். அது பெரிய இனம், இமிடோகார்ப் ஊசிக்கு நன்றாக அடங்கும். அந்த ஸ்லைடை அப்படியே குறித்துக்கொண்டு வந்து தெஹிவளை நாய்க்குப் போட்டால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். எதைப் படித்தாலும் மூன்று கேளுங்கள்: எந்த வருடம் எழுதியது, எந்த ஊர்க் கிருமி, மருந்து நம் விநியோகத்தரிடம் இருக்கிறதா. 2022ல் டொலர் தட்டுப்பாடு வந்து மருந்துகள் காணாமல் போனபோது இந்த மூன்றாவது கேள்வியின் அருமை தெரிந்தது.

தடுப்பூசிக்கு உலக சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 2024ல் தன் வழிகாட்டலைப் புதுப்பித்திருக்கிறது. இலவசமாக இறக்கிப் படிக்கலாம். நமக்கு அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, எலிக்காய்ச்சல் உள்ள, ஊசியும் கிடைக்கிற நாடுகளில் நாய்களுக்கு அது விருப்பத் தேர்வு அல்ல, அடிப்படை ஊசி. வெள்ளம் வடிந்த களனிக் கரையில் வேலை செய்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றது, குட்டிகளின் அட்டவணை. 16 கிழமையிலோ அதற்குப் பிறகோ கடைசிக் குட்டி ஊசி போட்டபின், அடுத்ததை ஒரு வயது வரை தள்ளாமல் 26 கிழமையளவில் போடச் சொல்கிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில குட்டிகளில் 16 கிழமையிலும் ஊசியை வேலை செய்ய விடாது. அந்தக் குட்டி ஊசி போட்டும் போடாதது போல, மாதக்கணக்கில் பார்வோ வைரஸுக்குத் திறந்தே கிடக்கும். “போன குட்டிக்கு ஒரு வயசிலதானே டொக்டர் போட்டீங்க?” என்று கேட்பார்கள். ஆமாம், அப்போது அப்படித்தான் சொன்னார்கள், இப்போது மாறிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

பூனைக்காரருக்கு ஒரு சொல்: எஃப்.ஐ.பி. (கொரோனா வைரஸால் பூனைக்கு வரும் கொடிய நோய்) என்றதும் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்த காலம் போய்விட்டது. ஜி.எஸ்-441524 மருந்தை 84 நாள் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2024ல் வெளியான ஆய்வொன்றில், வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோத்த பூனைகளுக்கு 42 நாள் சிகிச்சையும் அதற்கு ஈடாக அமைந்தது. லேபிள் இல்லாத குப்பியை யாரோ வட்ஸ்அப்பில் விற்றால் மட்டும் தள்ளி நில்லுங்கள்.

காசே செலவில்லாத ஒன்று உயிர்மீட்புப் பயிற்சி, அதாவது நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி மீட்பது. இதற்கான ரிகவர் குழுவின் 2024 வழிகாட்டலும் இலவசம். சனிக்கிழமை கடை பூட்டும் நேரத்தில் ஒரு பஞ்சு நாய்ப் பொம்மையை மேசையில் கிடத்துங்கள். போனில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 110ல் வையுங்கள். அழுத்துவது 100க்கும் 120க்கும் இடையில் இருக்க வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும். மார்பின் அகலத்தில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை அமுக்க வேண்டும். முதல் தடவை எங்கள் உதவியாளர் தம்பி ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்கினான், நானும்தான். நெடுநேரம் மீளாவிட்டால் அட்ரினலினைப் பத்து மடங்காக்கலாம் என்ற பழைய யோசனையை இப்போது கைவிட்டுவிட்டார்கள். உங்கள் அவசர ட்ரேயில் ஒட்டியிருக்கும் அளவுத்தாள் எந்த வருடத்தது என்று நாளைக்கே பாருங்கள்.

காசு, நேரம் பற்றி: ஜர்னல் ஒஃப் வெட்டரினரி இன்டர்னல் மெடிசின் முழுக்கத் திறந்த இதழ். இதய வால்வு நோய்க்கான 2019 கருத்தொருமிப்பும் அதில்தான் இருக்கிறது, பிமோபெண்டன் என்ற இதய மருந்தை எப்போது தொடங்குவது என்ற சண்டைக்கு அது ஒரு நல்ல முடிவு. வெபினார் அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையில் மாலை ஏழுக்கு என்றால் நமக்கு விடியற்காலை நாலரை. விட்டுவிடுங்கள், வீடியோப் பதிவு பிறகு வரும். சிட்னியின் குளிர்கால மாலை ஏழரை, நமக்குப் பிற்பகல் மூன்று மணி. இரண்டு நோயாளிக்கு நடுவே பார்க்கலாம். இலங்கை கால்நடை வைத்தியர் சங்கத்தின் வருடாந்த அமர்வுக்குப் போங்கள். பேச்சைவிடத் தேநீர் இடைவேளை முக்கியம், எந்தப் பகுதியில் எந்த மருந்து வேலை செய்யாமல் போகிறது என்று அங்கேதான் கதைப்பார்கள்.

கடைசியாகப் பெரிய டொக்டர். அவரிடம் கட்டுரையை நீட்டாதீர்கள், நான் நீட்டி வாங்கிக்கட்டியிருக்கிறேன். டிமினசீன் போட்ட நாய்களின் பெயரைக் குறித்துவைத்து, இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு, காது நுனியில் ஒரு துளி இரத்தம் எடுங்கள். மெல்லிய ஸ்மியர் இழுத்து, கீம்சாவோ லீஷ்மனோ சாயம் போட்டு, எண்ணெய் லென்ஸில் ஸ்மியர் மெலிந்து முடியும் இறகு விளிம்பைப் பாருங்கள். மோதிரம் தெரிந்தால் ஸ்லைடை அசைக்காமல் அப்படியே வைத்துவிட்டு, “சேர், ஒருக்கா வந்து பாருங்கோ, எனக்கு இது விளங்கேல்ல” என்று கூப்பிடுங்கள். தெரியவில்லையென்றால் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், அடுத்த நாயைப் பாருங்கள்.