அந்து அரித்த கம்பளம்

கேள்வி (வாலாஜாபேட்டை வாசகி): பரணிலிருந்து தாத்தா காலத்துக் கம்பளத்தை இறக்கினோம். அங்கங்கே முடி உதிர்ந்து வெள்ளை நூல் தெரிகிறது. ஓரக் குஞ்சமும் பாதி போய்விட்டது. ஷாம்பு போட்டுத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில், உதிர்ந்த இழை ஒன்றை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் வாடை வந்தால் கம்பளி. காகித வாடை என்றால் பருத்தி. பருத்தி ஜமக்காளத்தை அந்து பெரும்பாலும் சீண்டாது.

கம்பளியைத் தின்பது பறக்கும் அந்து அல்ல, அதன் புழு. மணல் போன்ற எச்சம் கம்பளத்தின் நிறத்திலேயே கிடந்தால் புழு இருக்கிறது என்று வையுங்கள். சிறிய விரிப்பென்றால் பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி, காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். 24 மணி நேரம் பொறுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த கம்பளியில் ஈரம் படிந்துவிடும். பெரியதை வாக்குவம் கிளீனரால், முனையில் கொசுவலைத் துணி கட்டி, குறைந்த இழுவையில் முதுகுப் பக்கமும் சேர்த்து வாரம் ஒருமுறை உறிஞ்சுங்கள். கூடத்தில் பாச்சை உருண்டை போட்டால் வாடைதான் மிஞ்சும்.

கறுப்புப் பகுதி மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அந்தின் மேல் பழி போடாதீர்கள். இரும்பு கலந்த பழைய கறுப்புச் சாயமே நாளடைவில் கம்பளியைப் பொடியாக்கும்.

துவைத்தால் சாயம் கரையலாம். ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்திலும் 2 நிமிடம் அழுத்திப் பாருங்கள். சிவப்பு ஒட்டினாலே தண்ணீர் ஆகாது. ஒட்டாவிட்டாலும், ஈரக் கம்பளத்தின் பாரத்தை நைந்த பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) தாங்காமல் அறுந்துவிடும். வேலூர் வெயிலோ நிறத்தையும் வெளுத்து, கம்பளியையும் முறுமுறுப்பாக்கிவிடும்.

குஞ்சம் பிறகு தைத்த அலங்காரமல்ல. பாவு நூலின் முனை. ஒழுங்காக்குகிறேன் என்று வெட்டினால் ஊடை (குறுக்கே ஓடும் நூல்) அவிழ ஆரம்பிக்கும். பருத்தி நூலால், ஊடை 3 வரிசை உள்ளே தள்ளி, கையாலேயே ஓரத் தையல் போடுங்கள். வழுக்கை விழுந்த இடத்துக்கு அடியில் காடாத் துணி வைத்துத் தளர்வாகத் தைத்தால் போதும். பசை தடவினால், நாளை சரிசெய்ய வருபவரின் ஊசி இறங்காது.

கேள்வி (ஆரணி வாசகர்): மடித்து பீரோவில் வைக்கலாமா?

பதில்: மடிப்பில்தான் இழை முறியும். 6 அங்குல பிவிசி குழாயில் துவைத்த காடாவைச் சுற்றி, முடி வெளிப்பக்கம் இருக்குமாறு, முடி சாயும் திசையில் உருட்டுங்கள். மேலே இன்னொரு காடா. கயிறு பதியும், துணிப் பட்டையால் கட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விடுங்கள்.