பழைய ஆர்.சி. ரிசீவர் மேசையில் நன்றாக வேலை செய்கிறது, அப்படியே விமானத்தில் மாட்டலாமா?

மாட்டாதீர்கள் தம்பி. ரிமோட்டின் கட்டளையை வாங்கும் அந்தச் சின்னப் பெட்டி ரிமோட்டோடு பைண்ட் ஆகிறது, அதாவது ஜோடி சேர்கிறது, இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சர்வோ மோட்டார் எல்லாம் ஆடுகிறது, இதற்கு மேல் என்ன சோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ பறக்கவிட்டு அலுத்துப்போய் விற்றதைத்தான் வாங்கியிருப்பீர்கள். நானும் அப்படி ஒன்று வாங்கி, உங்களைப் போலவே நினைத்தவன்.

எனக்குத் தொழில் மூக்கையூர் பக்கம் படகுகளில் வி.எச்.எஃப். ரேடியோ செட், ஜி.பி.எஸ்., ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் பழுது பார்ப்பது. உப்புக் காற்று ஒரு வயரை என்ன பாடு படுத்தும் என்று தினமும் கையால் தொட்டுப் பார்க்கிறவன். படகில் செட் கேட்கவில்லை என்றால் முதலில் ஆன்டெனா கேபிளைத்தான் கழற்றுவேன். அந்தப் புத்தி என் சொந்த ரிசீவருக்கு வரவில்லை. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

போன ஆனியில் அக்கா மகனுக்காக ஒரு ஃபோம் விமானம் கட்டினோம். இறக்கை 1.2 மீட்டர், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாம் புதிது, ரிசீவர் மட்டும் பழையது. சாயல்குடிக்குப் பக்கத்தில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள், கச்சான் காற்று கிளம்பும் முன், காலை ஆறரைக்கு ஏற்றினோம். இரண்டு சுற்று அருமையாகப் போனது. மூன்றாவது சுற்றில் எழுபது எண்பது மீட்டர் தள்ளிப் போனதும் பையன், "மாமா, கேட்க மாட்டேங்குது மாமா!" என்று கத்தினான். ரிமோட்டை வாங்கித் திராட்டிலை முழுக்க இறக்கினேன். மோட்டார் சத்தம் குறையவே இல்லை. கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு விமானம் நேரே கரையைப் பார்த்துப் போனது. கரையில் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே பாதிப் பனை உயரத்தில் கடந்து, அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் விழுந்தது. ஓடிப் போய் நின்றோம். "ஏய்யா, ஆட்டு மேல விழுந்திருந்தா யாருய்யா காசு குடுப்பா?" என்றார். தன் தலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று ராத்திரி ரிசீவரைப் பிரித்தேன். ஆன்டெனா ஒயர் பலகையை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு கறுப்பு உறை இருக்கும். பிளேடால் கீறினால் உள்ளே பின்னல் கம்பி வெள்ளியாக இருப்பதற்குப் பதில் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. நடுக்கம்பி ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. மேசையில் ரிமோட் இரண்டடி தூரத்தில் இருந்ததால் சர்வோ ஆடியிருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் சிக்னல் ஏறிவிடும். மேசையில் ஆடியதை வைத்து ரிசீவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்.

இப்போது பழைய ரிசீவர் எது வந்தாலும் முதல் வேலை மூடியைக் கழற்றுவது. பச்சையோ வெள்ளைப் பூச்சோ தெரிந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துலக்கிக் காயவைத்து லென்ஸில் பார்ப்பேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் நுனியில் உறையில்லாமல் நிற்கும் பகுதி 31 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அது அலைநீளத்தில் கால் பங்கு. பழைய ஓனர் அதை வெட்டியிருந்தாலோ நசுக்கியிருந்தாலோ தூரம் போகாது. உங்களுடையது அலைவரிசைக்குக் கிரிஸ்டல் மாற்றிப் போடும் காலத்து 72 மெகாஹெர்ட்ஸ் செட் என்றால் ஒயர் ஒரு மீட்டர் நீளம் தொங்கும், அதையும் வெட்டக் கூடாது.

அப்புறம் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, பறக்கப்போகும் அதே பேட்டரி, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதே இ.எஸ்.சி.யோடு இணைத்து எல்லா சர்வோவையும் ஒரே நேரத்தில் ஆட்டுங்கள். ஆடும்போதே சர்வோவின் கைகளை விரலால் லேசாகப் பிடித்துத் தடுத்துப் பாருங்கள். கரண்ட் இழுக்கும்போது வோல்ட்டேஜ் இறங்கி ரிசீவர் ஒரு நொடி அணைந்து எரிந்தால் அது மேலே போகக் கூடாது. பென்சிலால் தட்டிப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் அரை மணி நேரம் போட்டுவிட்டும் பாருங்கள். விட்டுப்போன சால்டர் சூட்டில்தான் தன்னைக் காட்டும்.

தூரச் சோதனையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். ரிமோட்டில் பவரைக் குறைக்கும் ரேஞ்ச் டெஸ்ட் இருக்கும். ஸ்பெக்ட்ரம் கம்பெனி ரிமோட்டின் கையேட்டில் 30 தப்படி, அதாவது சுமார் 28 மீட்டர் என்று போட்டிருக்கிறது. உங்கள் ரிமோட்டுக்கு என்ன தூரம் என்று அதன் கையேட்டில் பாருங்கள். ஒருவர் விமானத்தை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு மூக்கு, வால், வயிறு என்று எல்லாப் பக்கமும் திருப்ப வேண்டும், மோட்டார் ஓடாமல் ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை. ஓடும்போது ப்ரொப்பெல்லர் பக்கம் கை போகக் கூடாது. கடைசியாக ரிமோட்டை அணைத்துவிடுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், சிக்னல் போனதும் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃபை செட் செய்துவிட்டு மறுபடி அணைத்துப் பாருங்கள். அன்று நான் இந்த ஒன்றை மட்டும் செய்திருந்தால்கூட அந்த அம்மா தலைக்கு மேலே மோட்டார் ஓடியிருக்காது.

"புதுசே வாங்க வேண்டியதுதானே" என்று சிலர் எழுதுவீர்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். பையன் உண்டியல் காசில் கேட்கும்போது பழையதுதான் கைக்கு எட்டியது. அனுமதி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளில் 25 கிலோ வரையுள்ள மாதிரி விமானத்தைப் பொழுதுபோக்குக்காகக் கண் பார்வைக்குள் ஓட்ட இடம் இருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருப்பதால் அந்தத் திசைக்கே நாங்கள் போவதில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலம், அதாவது பறக்க முன் அனுமதி வேண்டாத இடம், என்று பார்த்த பிறகுதான் ஏற்றுகிறோம்.

அந்த விமானத்தைத் தேடி சீமைக் கருவேலத்துக்குள் இரண்டு மணி நேரம் கிடந்தோம். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறி, பையனுக்குக் கால் வீங்கி மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. என் அப்பா காலத்தில் அதே கண்மாயில் தண்ணீர் நின்று நெல் விளைந்தது. இன்று கரை எது, உள்வாய் எது என்று தெரியவில்லை. ஜே.சி.பி. வந்து மேலே வெட்டிவிட்டுப் போகிறது, வேர் கிடக்கிறது, ஒரு மழைக்கு மறுபடியும் அதே காடு. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அதுதான் சோறு. கண்மாய்க்குள்ளும் வரத்துக் கால்வாயிலும் இருப்பதையாவது வேரோடு எடுங்கள் என்று எத்தனை கிராமசபையில் சொல்வது?

சரி. ரிசீவரின் மூடியைக் கழற்றி ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. ஆன்டெனா பலகையில் சேரும் இடமும், நுனியும், பக்கத்தில் ஒரு ஸ்கேலும் தெரிகிற மாதிரி எடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.