சுண்டெலி நடத்தைப் பரிசோதனை: கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஆய்வுகூடச் சுண்டெலிகளின் நடத்தையைச் சோதிப்பதில்தான் எனக்குப் பல வருட அனுபவம். அதற்குள் வரும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வந்தாறுமூலை: சேர், ஒரே வகை எலி, ஒரே கருவி, ஒரே செய்முறை. அப்படியும் இரண்டு கூடங்களில் இரண்டு முடிவு வந்தால் யாரோ ஒருவர் பிழை விட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

இல்லை தங்கச்சி. 1999இல் கிராப், வால்ஸ்டன், டுடெக் மூவரும் இதைத்தான் சோதித்தார்கள். போர்ட்லண்ட், ஆல்பனி, எட்மன்டன் என்று மூன்று ஊர்களில் மூன்று கூடங்கள். 8 வகை எலிகள், 6 பரிசோதனைகள். கருவி, எலியின் வயது, சோதனை தொடங்கும் நேரம் என்று முடிந்த எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். அப்படியும் கூடத்துக்குக் கூடம் முடிவு மாறியது. மதுவை எந்த வகை விரும்பிக் குடிக்கும் என்பது மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒத்துப்போனது. பயத்தை அளக்கும் சோதனைதான் ஒத்துவரவில்லை. அது தரையிலிருந்து உயர்த்திய, கூட்டல் குறி வடிவப் பாதை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு கைகள் திறந்தபடி இருக்கும். பயந்த எலி சுவர்ப் பக்கமே ஒதுங்கும்.

எட்மன்டனில் சோதித்தவருக்கு எலி ஒவ்வாமை. அதனால் சுவாசக் கவசம் போட்டுக்கொண்டே எல்லாச் சோதனையும் செய்தார். செய்முறை ஏட்டில் இதற்கு எங்கே இடம்? யாரும் பிழை விடவில்லை. எலிக்கு முன்னால் நிற்கும் ஆளும் சோதனையின் ஒரு பகுதிதான் என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் முதல் எச்சரிக்கை: வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். 2010இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்து ஹர்ஸ்ட், வெஸ்ட் இருவரும் காட்டினார்கள்: குழாய்க்குள் ஏறவிட்டோ, இரண்டு கையையும் குவித்தோ தூக்கிய எலிகளைவிட வாலில் தூக்கிய எலிகள் அதிகம் பயந்தன. ஒரு கூடம் வாலில், இன்னொன்று குழாயில் தூக்கினால், நீங்கள் ஒப்பிடுவது சோதிக்க வந்த மருந்தையல்ல, தூக்கிய விதத்தை.

காத்தான்குடி: அத்தர் பூசிக்கொண்டு எலி அறைக்குள் போகலாமா?

வேண்டாம். எலி மூக்கால் உலகத்தை அறியும் பிராணி. வீட்டில் பூனை இருந்தால் சட்டையையும் மாற்றுங்கள். ஆண் பக்கத்தில் இருந்தாலோ, ஆண் போட்ட சட்டை மட்டும் இருந்தாலோகூட எலிக்கு மன அழுத்தம் ஏறி, வலியைக் காட்டுவது குறைந்தது என்று மக்கில் பல்கலைக்கழகக் குழு 2014இல் காட்டியது. யார் சோதித்தார், ஆணா பெண்ணா என்று ஒவ்வொரு தாளிலும் எழுதுங்கள்.

கல்முனை: ஒரு குழுவுக்கு எத்தனை எலி போதும்?

எந்த அளவு வித்தியாசத்தைத் தேடுகிறீர்கள் என்று சொல்லாமல் எண்ணிக்கை சொல்ல முடியாது. புள்ளிவிபரம் தெரிந்தவரிடம் தொடங்குவதற்கு முன்னமே போங்கள். ஒரே கூட்டில் வளர்ந்த 4 எலிகளை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத 4 சாட்சிகளாக எண்ணாதீர்கள்.

ஆரையம்பதி: வீட்டில் எலித் தொல்லை. என்ன மருந்து நல்லது?

உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

அக்கரைப்பற்று: நீர்ச் சுற்றுவழிச் சோதனையில் எங்கள் எலிகள் மேடையைக் கண்டுபிடிக்கவே கற்கவில்லை. ஞாபகக் குறைபாடா?

இந்தச் சோதனையில் எலி நீந்தி, தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையைச் சுவரில் ஒட்டிய அடையாளங்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் என்ன வகை என்று முதலில் பாருங்கள். C3H, FVB எலிகளுக்கு விழித்திரை சிறுவயதிலேயே கெட்டுவிடும். அந்த அடையாளம் அவற்றுக்குத் தெரியாது.

ஏறாவூர்: சேர், எத்தனை எலி போதும்?

கல்முனைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சம்மாந்துறை: எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினால் வரும் முடிவு அந்த ஒரு அறைக்குத்தானே பொருந்தும்? தரப்படுத்தல்தான் நோய். நீங்கள் அதை மருந்தென்கிறீர்கள்.

பாதி சரி. விலங்கு நடத்தை ஆய்வாளர் வூர்பெல் 2000இலேயே இதைச் சொன்னார். 2009இல் ரிக்டர், கார்னர் ஆகியோரோடு சேர்ந்து தரவோடும் காட்டினார். எலிகளின் வயதையும் கூட்டையும் திட்டமிட்டுக் கொஞ்சம் மாற்றிவைத்தால் முடிவு மறுபடி கிடைக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

களுவாஞ்சிக்குடி: அப்படியென்றால் செய்முறை ஏடே தேவையில்லையே!

இதைத்தான் பயந்தேன். திட்டமிட்டு மாற்றுவது வேறு, தெரியாமல் மாறுவது வேறு. தூக்கும் விதம், வெளிச்சம், எலியின் நடத்தைக்குப் புள்ளி போடும் விதி இவை ஒன்றாகவே இருக்க வேண்டும். எலிகளின் வயது, கூடு, வந்த தொகுதி ஆகியவற்றை மாற்றுங்கள். மாற்றியதை எழுதுங்கள்.

சம்மாந்துறை: ஆனால் சர்வதேச மூளை ஆய்வுக்கூடக் குழு 2021இல் தரப்படுத்தியே வென்றதே?

உண்மை. 7 கூடங்கள், 140 எலிகள். சக்கரத்தைத் திருப்பித் திரையில் தெரியும் வடிவத்தை நடுவுக்குக் கொண்டுவரும் பயிற்சி. பழகி முடிந்த பிறகு, நடத்தையைப் பார்த்து எந்தக் கூடத்து எலி என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒத்துப்போனது. ஆனால் கற்ற வேகம் எலிக்கு எலி, கூடத்துக்குக் கூடம் வேறுபட்டது. வாரக்கணக்காகப் பழகிய வேலை நிலைப்பட்டுவிடும். புது இடத்தில் முதல் 5 நிமிடப் பயம் அப்படி நிலைப்படாது. கூட்டல் குறிப் பாதை அளப்பது அந்த 5 நிமிடத்தை. அதனால் 1999, 2021 இரண்டு ஆய்வும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை.

வாழைச்சேனை: எங்கள் அறையில் ஏசி இல்லை, கரண்டும் போய்ப்போய் வரும். செய்யவே கூடாதா?

செய்யலாம். சுண்டெலிக்கு உடல் சூட்டைக் காக்கச் சிரமமில்லாத வெப்பநிலை 30 பாகைக்குக் கிட்ட. பெரும்பாலான கூடங்கள் 20 முதல் 24 வரை வைத்து, அவற்றைக் குளிரில்தான் வளர்க்கின்றன. நம்மூர் வெக்கையைவிட ஏற்ற இறக்கம்தான் கெடுதல். காலையும் மாலையும் வெப்பநிலை, ஈரப்பதன் இரண்டையும் குறியுங்கள். 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்ற கணக்குக் குழம்பாமல் விளக்குக்கு மட்டும் பற்றரி வையுங்கள். சோதனை நடுவே ஜெனரேற்றர் இரைந்தால் அன்றைய எலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்க்காத காரணத்தையும் எழுதுங்கள். நமக்கு 20 கிலோஹேர்ட்ஸோடு காது நின்றுவிடும். எலிக்கு 80ஐத் தாண்டியும் கேட்கும். நமக்கு அமைதியாகத் தெரியும் அறை அதற்கு அமைதியாக இருக்க வேண்டியதில்லை.

மருதமுனை: குழு ஒன்றுக்கு எத்தனை எலி...

மூன்றாம் முறை. மேலே இருக்கிறது.

ஒலுவில்: நாங்களும் வந்தாறுமூலை ஆட்களும் சேர்ந்து ஒரே சோதனையைச் செய்தால் பயன் உண்டா?

நிறைய உண்டு. எலி எண்ணிக்கையைக் கூட்டாமலே, 2 முதல் 4 கூடங்களுக்குப் பிரித்துச் செய்தால் முடிவு உண்மைக்குக் கிட்ட வரும் என்று 2018இல் வோல்க்லும் மற்றவர்களும் காட்டியிருக்கிறார்கள். தொடங்குமுன் இரண்டு பக்கத்தாரும் எலிச் சோதனையின் ஒரே 10 வீடியோக்களைத் தனித்தனியே பார்த்துப் புள்ளி போடுங்கள். புள்ளி ஒத்துவரும்வரை எலியைத் தொடாதீர்கள். அப்புறம் அங்கிருந்து ஒருவர் ஒரு வாரம் இங்கே வந்து நிற்கட்டும், இங்கிருந்து ஒருவர் அங்கே போகட்டும். எழுதாத பழக்கமெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். தூக்கும் குழாய்களையும் ஒரே கடையில் வாங்குங்கள்.