பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? திரும்பி வரும் நாளை முதலில் எண்ணுங்கள்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: முன்பதிவு காலை எட்டு மணிக்குத் திறக்கிறது, ஐந்தே நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடுகிறது. திருநெல்வேலிக்கு நாலு பேருக்கு இடம் பிடிக்க என்ன செய்யலாம்? எந்தத் தேதியில் உட்கார வேண்டும் என்பதிலும் ஒவ்வொரு வருஷமும் குழப்பம்.
– வாசகி, பெருங்களத்தூர்

ப: தேதியை முதலில் சரி செய்துகொள்வோம். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளை விட்டுவிட்டு 60 எண்ண வேண்டும். ஜனவரி 13 இரவு எழும்பூரில் கிளம்பும் ரயிலுக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 18 இரவு ஊரிலிருந்து திரும்ப வேண்டுமானால் நவம்பர் 19.

இந்த இரண்டாவது தேதியைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போகிற டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் ஐந்து நாள் கழித்து மறுபடி உட்கார மறந்துபோகிறது. உண்மையில் திரும்பும் டிக்கெட்தான் கடினம். ஊருக்குப் போகிறவர்கள் நாலைந்து நாளில் பிரிந்து போகிறார்கள். திரும்புகிறவர்களோ திங்கட்கிழமை வேலைக்கு நிற்க வேண்டும் என்று ஒரே ஞாயிறு இரவில் கூடுகிறார்கள். ஆகவே எந்த நாள் திரும்பப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சனி இரவோ திங்கள் பகல் ரயிலோ ஒத்துவந்தால் அலுவலகத்தில் அதற்கேற்ப இப்போதே லீவு சொல்லிவிடுங்கள்.

உட்காரும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முடித்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் முதல் முன்பதிவு திறந்தவுடனான நேரம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே என்று விதி வந்துவிட்டது. நாலு பேரின் பெயர், வயதைப் பயணிகள் பட்டியலில் முன்பே சேமித்து வையுங்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை சேர்க்கலாம். ‘கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்’ போன்ற நிபந்தனைகளைத் தட்டாதீர்கள். அது கிடைக்காவிட்டால் பதிவே ஆகாது, நீங்கள் திரும்ப வருவதற்குள் இடம் போயிருக்கும்.

கே: திருச்சியில் ஏறி நாகர்கோவில் போக ஜனவரி 14 தேதி போட்டு டிக்கெட் எடுத்தோம். 14-ம் தேதி இரவு ஸ்டேஷனுக்குப் போனால் ரயில் முந்தின இரவே போய்விட்டது என்றார்கள். எங்கே தவறு?
– வாசகர், ஸ்ரீரங்கம்

ப: நள்ளிரவு செய்த வேலை இது. 13-ம் தேதி மாலை சென்னையில் கிளம்பும் ரயில் திருச்சிக்கு 12 மணி தாண்டி வந்தால், உங்கள் டிக்கெட்டில் 14 என்றுதான் இருக்கும். ஆனால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 13-ம் தேதி இரவு சாப்பாடு முடித்த கையோடு. டிக்கெட்டில் நேரம் 00 அல்லது 01 என்று தொடங்கினால், ‘இது முந்தின இரவு’ என்று காலண்டரில் பேனாவால் எழுதி வையுங்கள்.

முன்பதிவும் தட்கலும் ரயில் கிளம்பும் ஊரின் தேதியை வைத்துத்தான் கணக்கு. ரயில் கிளம்புவதற்கு முந்தின நாள் திறக்கும் அவசர முன்பதிவுதான் தட்கல்; ஆகவே அந்த 14-ம் தேதி டிக்கெட்டுக்கு அது 12-ம் தேதியே திறந்துவிடும். 13 காலையில் போய் நிற்பவருக்கு மிச்சம் மீதிதான்.

கே: வெயிட்டிங் லிஸ்ட்டில் ஜி.என்., பி.க்யூ., ஆர்.எல். என்று வருகிறதே, எதை நம்பலாம்? உறுதியாகாவிட்டாலும் ஏறிக்கொள்ளலாமா?
– வாசகர், திண்டிவனம்

ப: ரயில் கிளம்பும் ஊரிலிருந்தோ அதை ஒட்டிய ஊர்களிலிருந்தோ நெடுந்தூரம் போகிறவர்களுக்கானது ஜி.என். பட்டியல். மூன்றில் உறுதியாகும் வாய்ப்பு அதிகம் இதற்குத்தான். நடுவழி ஊர்களுக்குள் பயணம் செய்கிறவர்கள் பி.க்யூ., ஆர்.எல். பட்டியலில் விழுவார்கள். அந்த ஒதுக்கீடே சிறியது என்பதால் பட்டியல் மெதுவாகத்தான் நகரும். பண்டிகை நாளில் நடுவழியில் ஏறுகிறவர்கள் சென்னையிலிருந்தே டிக்கெட் எடுப்பது உண்டு. கட்டணம் கொஞ்சம் கூடினாலும் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஏறும் நிலையத்தை இணையத்தில் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விட்டால் எழும்பூரில் நீங்கள் வரவில்லை என்று பரிசோதகர் உங்கள் இடத்தை ஆர்.ஏ.சி. (பாதி இருக்கை மட்டும் கிடைத்த) பயணிக்குக் கொடுத்துவிடலாம். மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏறும் உரிமையும் போய்விடும்.

உறுதியாகாத இணைய டிக்கெட், சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்டவுடன் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்து ஏறினால் டிக்கெட் இல்லாதவர் என்றுதான் கணக்கு. கவுன்டரில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட்டுடனும் ஸ்லீப்பர், ஏசி பெட்டிகளில் ஏற முடியாது. ஆர்.ஏ.சி. என்றால் தாராளமாக ஏறலாம். பக்கவாட்டுக் கீழ் இருக்கையை இன்னொருவரோடு பகிர்ந்து உட்கார வேண்டும், யாராவது வராமல் போனால் பெர்த் கிடைக்கும்.

தட்கல் ஏசிக்குக் காலை 10, ஸ்லீப்பருக்கு 11. ஒரு டிக்கெட்டில் நாலு பேர்தான். ஓ.டி.பி. ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும். அந்த சிம் ஊரில் அப்பாவின் போனில் இருந்தால் அவரையும் பத்து மணிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

கே: பஸ்ஸில்தான் போகப் போகிறோம். கோயம்பேடா, கிளாம்பாக்கமா?
– வாசகி, அம்பத்தூர்

ப: திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கம் என்றால் கிளாம்பாக்கம். வேலூர், பெங்களூரு வழிக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கோயம்பேடு. அம்பத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் போவதே ஒரு சின்னப் பயணம். போகி முன்தினம், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் மாநகரப் பேருந்தை நம்பி இறங்காதீர்கள். மின்சார ரயிலில் தாம்பரம் தாண்டி வண்டலூரோ ஊரப்பாக்கமோ போய், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள்.

கே: காரில் போனால் எந்த வழி?
– வாசகர், வேளச்சேரி

ப: தாம்பரம், பெருங்களத்தூர் வழியே போகவே வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம், திருப்போரூர் போய்ச் செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி.யைப் பிடியுங்கள். பண்டிகைக் காலத்தில் போலீசாரும் இதைத்தான் சொல்கிறார்கள். சுங்கச்சாவடிக்கான ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். செல்லாத ஃபாஸ்டேக்குடன் போய் ரொக்கம் கொடுத்தால் இரு மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. ஐந்து பேரும் மூட்டையும் ஏறும் வண்டிக்கு டயர் காற்று வழக்கத்தைவிடக் கூட வேண்டும். டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் முழு பாரத்துக்கான அளவு இருக்கும், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அடியுங்கள்.

கே: கட்டுச்சோறு மறுநாள் காலைக்குள் நூல்விட்டுப் போகிறது. என்ன செய்கிறோம் தப்பாக?
– வாசகி, ஆவடி

ப: சூட்டோடு மூடுவதுதான் தப்பு. இட்லியைத் தட்டிலிருந்து எடுத்துத் துணியில் பரப்பி, தொட்டால் சில்லென்று இருக்கும்வரை ஆறவிடுங்கள். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் தளரக் குழைத்து, ஒவ்வொரு இட்லியையும் இரண்டு பக்கமும் பிரட்டி வாழையிலையில் அடுக்குங்கள். இலையின் உள்பக்கத்தில் ஈரம் இருக்கக் கூடாது. தேங்காய்ச் சட்னி தனியாகக்கூட வேண்டாம்.

புளிச்சோற்றுக்கு ஒரு டம்ளர் அரிசிக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி. புளிக்காய்ச்சல் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியில் எடுத்தால் சொட்டாமல் நிற்கும்வரை கொதிக்க வேண்டும்; நீர் மிச்சமிருந்தால் அதுதான் கெடுக்கும். சோற்றை ஒரு பதம் விறைப்பாக வடித்து, பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றி ஆறவைத்த பிறகு கிளறுங்கள். தயிர்ச்சோறு மதியத்துக்கு மட்டும்: காய்ச்சி ஆறிய பால் நிறைய, தயிர் ஒரே கரண்டி. வெங்காயம் போடாதீர்கள்.

கே: வரும்போது அம்மா அரிசி, ஊறுகாய், கருப்பட்டி, பனங்கிழங்கு என்று கட்டிக் கொடுப்பார். ரயிலில் எவ்வளவு கொண்டுவரலாம்?
– வாசகர், தாம்பரம்

ப: ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று தாராளமாக வரும். பட்டாசும் காஸ் சிலிண்டரும் கூடவே கூடாது. ரயில்வே சட்டம் 164-ம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கருப்பட்டியை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் வியர்த்துக் கசியும். ஓலைப் பெட்டியிலோ செய்தித்தாளில் இரண்டு சுற்றாகவோ கட்டி மூட்டையின் மேலே வையுங்கள். பனங்கிழங்கை வேகவைக்காமல் மண்ணோடு கொண்டுவாருங்கள், வந்தபின் கழுவி அவித்துக்கொள்ளலாம். ஊறுகாய் பாட்டிலை வாய்வரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். வாயில் ஒரு பாலிதீன் துண்டை விரித்து அதன் மேல் மூடியைத் திருகி, அரிசி மூட்டைக்குள் நிமிர்த்திப் புதைத்துவிட்டால் விழுப்புரம் வளைவிலும் சாயாது.