பிரான்ஸோட ரஃபேல் போர் விமானம் இருக்கும்போது நாலு ஐரோப்பிய நாடு சேர்ந்து யூரோஃபைட்டர் டைஃபூன்னு இன்னொரு போர் விமானம் எதுக்கு செஞ்சாங்க? அது தோல்வித் திட்டமா?

யூடியூப்ல ஏதாவது வீடியோ பாத்துட்டு கேக்கறீங்கன்னு நினைக்கிறேன், அதுல தான் "கமிட்டி போட்டு செஞ்ச விமானம்"னு ஒரே போடா போட்டுட்டு போயிடறாங்க. எனக்கு அந்த வார்த்தைய கேட்டாலே சுருக்குங்குது.

நான் கோயம்புத்தூர்ல ஒரு மெஷின் ஷாப்ல 11 வருசம் குவாலிட்டி பாத்தவன். ஒரு தடவை கியர்பாக்ஸ் ஹவுசிங் ஆர்டர், மேல் பாதி எங்களுக்கு, கீழ் பாதி வேற ஷாப்புக்கு. அசெம்பிளில வச்சா ரெண்டு பாதியையும் நேரா பொருத்தற டவல் பின் இறங்கவே இல்ல. நாங்க நடு போர்ல இருந்து அளவு எடுத்திருக்கோம், அவங்க ஓரத்துல இருந்து எடுத்திருக்காங்க, கால் மில்லிமீட்டர் விலகிப்போச்சு, விரல வச்சு தடவுனா படி மாதிரி தட்டுது. டிராயிங்ல டேட்டம், அதாவது எங்க இருந்து அளவு எடுக்கணும்னு, குறிக்காம அனுப்புனவர யாரும் ஒரு வார்த்தை கேக்கல, எனக்கு தான் அந்த வருச இன்கிரிமென்ட் போச்சு. தப்ப எடுத்து சொல்றவன் தலையிலயே தப்ப கட்டறது இந்த லைன்ல இன்னிக்கும் நடக்குதுங்க.

ரெண்டு ஷாப்புக்கே இந்த கதி. டைஃபூனுக்கு இடது இறக்கை இத்தாலி, வலது இறக்கை ஸ்பெயின், நடு உடம்பு ஜெர்மனி, முன்பக்கம் பிரிட்டன். நாலு நாட்டுலயும் தனித்தனியா அசெம்பிளி லைன் வேற. அத்தனையும் ஒண்ணா பொருந்தி ஒலியோட வேகத்த தாண்டி பறக்குது. அத தோல்வின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

உங்க கேள்விக்கு வரேன். முதல்ல பிரான்ஸும் இதே கூட்டணில தான் இருந்துச்சு. அவங்களுக்கு விமானந்தாங்கி கப்பல்ல இறங்கற மாதிரி, எடை கம்மியா, அவங்க நாட்டு எஞ்சினோட, டிசைன் தலைமையும் அவங்க கைலயே வேணும்னாங்க, மத்தவங்க ஒத்துக்கல, 1985ல வெளிய வந்துட்டாங்க. ரஃபேல் சோதனை விமானம் 1986 ஜூலைல பறந்துச்சு, அடுத்த மாசமே பிரிட்டனோட இஏபி, அதாவது டைஃபூனுக்கு முன்னோடி, பறந்துடுச்சு. ஆனா டைஃபூன் முதல் தடவை பறந்தது 1994 மார்ச் 27, ஜெர்மனில மான்ஷிங்ல. இந்த தாமதத்துக்கு இஞ்சினியர்கள மட்டும் குத்தம் சொல்றது நியாயமில்ல. நடுவுல பனிப்போர் முடிஞ்சுது, 1992ல ஜெர்மனி செலவ பாத்து பின்வாங்க பாத்துச்சு. அதுக்கு மேல வேலைய நாலு நாட்டுக்கும் பங்கு பிரிக்கற பேச்சு.

குறை இல்லைன்னு சொல்ல வரல, அதுக்குன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. தரைத்தாக்குதல் திறமை ரொம்ப லேட்டா தான் வந்துச்சு. 2011ல லிபியால பிரிட்டிஷ் டைஃபூன் குண்டு போட்டுச்சு, ஆனா ஸ்டார்ம் ஷேடோ, பிரிம்ஸ்டோன்னு ரெண்டு ஏவுகணையும் ஏத்தி பழைய டொர்னேடோ விமானத்தோட வேலைய முழுசா எடுத்துக்க 2018 முடியற வரைக்கும் ஆச்சு. நம்ம ஏர்ஃபோர்ஸ் டெண்டர்லயும் கடைசி ரெண்டு பேர்ல ஒண்ணா நின்னு 2012ல ரஃபேல்கிட்ட தோத்துச்சு.

2024 ஆகஸ்ட்ல நம்ம ஏர்ஃபோர்ஸ் வெளிநாட்டு படைகளோட நடத்துன தரங் சக்தி பயிற்சிக்கு ரெண்டு விமானமுமே கோயம்புத்தூர் பக்கத்துல சூலூர் வந்துச்சு. எங்க மொட்டை மாடில இருந்து பையனுக்கு காட்டுனேன். காத்து உள்ள போற வாய் வயித்துக்கு அடில இருந்தா டைஃபூன், ரெண்டு கன்னத்துலயும் இருந்தா ரஃபேல். ஒரு டைஃபூன் சாஞ்சு திரும்பும்போது ரெண்டு இறக்கையும் முழுசா தெரிஞ்சுது. "இது இத்தாலி, அது ஸ்பெயின்"னு கை காட்டுனேன், அவன் அது போன பொறவும் ரொம்ப நேரம் அந்த பக்கமே பாத்துட்டு நின்னான்.