மாத்திரையை நிறுத்தியதும் மறுபடி ரத்தப்போக்கு: என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 36 வயது. பீரியட்ஸ் 12 நாளாக நிற்கவில்லை என்று டாக்டரிடம் போனேன். நோரெத்திஸ்டெரோன் 5 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளையும் 10 நாள் சாப்பிடச் சொன்னார். மூன்றாம் நாளே ரத்தம் நின்றுவிட்டது. அதனால் நான்காம் நாளோடு மாத்திரையை விட்டுவிட்டேன். இரண்டு நாளில் முன்பைவிட அதிகமாக வருகிறது. மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? அடுத்த மாதம் வெளியூர்ப் பயணம் இருக்கிறது. மீதி மாத்திரையை வைத்து பீரியட்ஸைத் தள்ளிப்போடலாமா?

பதில்: மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொண்டது. பாதியில் விட்டதால்தான் மறுபடி ரத்தம் வருகிறது. நின்றுவிட்டால் மாத்திரை எதற்கு என்று நினைப்பது இயல்புதான். மருந்து எழுதுகிற நாங்கள்தான் இதை முதலிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும்.

கருமுட்டை வெளிவந்த பிறகு சினைப்பையில் புரோஜெஸ்டெரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. கர்ப்பப்பையின் உட்சவ்வை உதிராமல் நிறுத்திவைப்பது அதுதான். அதன் அளவு இறங்கியதும் சவ்வு உதிர்ந்து மாதவிடாய் வருகிறது. முட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டெரோன் போதுமான அளவு சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். கடைசியில் அது ஒரே சீராக உதிராமல் அங்கங்கே உடைந்து நாள்கணக்கில் ரத்தம் போகும். நோரெத்திஸ்டெரோன், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டெரோன், டைட்ரோஜெஸ்டெரோன் போன்ற புரோஜெஸ்டின் மாத்திரைகள் (புரோஜெஸ்டெரோன் போலவே வேலை செய்பவை) இந்தக் குறையை ஈடுகட்டிச் சவ்வை நிலைப்படுத்துகின்றன. அதற்குச் சில நாள் வேண்டும். நீங்கள் நான்காம் நாளே நிறுத்தியதும் ஹார்மோன் அளவு சட்டென்று இறங்கி, சவ்வு உதிர ஆரம்பித்துவிட்டது.

10 நாளும் முடித்திருந்தாலும் ரத்தம் வரத்தான் செய்யும். மாத்திரை முடிந்து பெரும்பாலும் 2 முதல் 7 நாளுக்குள் மாதவிடாய் போல வரும், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். பலர் இதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து, கடையில் இன்னொரு அட்டை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த உதிரப்போக்கு சிகிச்சையின் ஒரு பகுதி. ஒரு வாரத்தைத் தாண்டியும் நிற்காவிட்டால்தான் மறுபடி காட்ட வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? விட்ட மாத்திரையை நீங்களாகத் திரும்பத் தொடங்காதீர்கள். இன்றே உங்கள் டாக்டரிடம் பேசி, எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் ஆகிறது என்று சொல்லுங்கள். இதை மாதவிடாயாகக் கருதி விட்டுவிடலாமா, முழு கோர்ஸை மறுபடி ஆரம்பிக்கலாமா என்பதை உங்கள் ரத்தப்போக்கின் அளவையும் ஹீமோகுளோபினையும் பார்த்து அவர் முடிவு செய்வார். கர்ப்பப் பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். கருச்சிதைவும் கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிய கருவும் இதே மாதிரி ரத்தப்போக்காகவே தலைகாட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது தலைசுற்றல், மயக்கம், மூச்சுவாங்கல், தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

பயண விஷயத்துக்கு வருவோம். பீரியட்ஸைத் தள்ளிப்போட இதே மாத்திரையைத் தருவதுண்டு. எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும். ஆனால் உங்களுக்குச் சுழற்சியே குழம்பிக் கிடக்கிறது, எந்தத் தேதியை வைத்து எண்ணுவீர்கள்? இன்னொன்றும் உண்டு. நோரெத்திஸ்டெரோனில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் எத்தினில் எஸ்ட்ரடையாலாக மாறுகிறது. கலப்புக் கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன். மூன்று வேளை 5 மில்லிகிராம் என்கிற அளவில் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது, ஏனென்றால் ரத்தக்கட்டு, அதாவது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாவது, உருவாகும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து போகும் பயணமும் அதே வாய்ப்பைக் கூட்டும். உங்களுக்கோ பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்திருந்தால், உடல் எடை மிக அதிகமாக இருந்தால், புகைப்பழக்கம் இருந்தால், சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அவசியம் சொல்லுங்கள். டாக்டர் வேறு புரோஜெஸ்டினைத் தேர்ந்தெடுக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். என் கருத்தைக் கேட்டால், காரணம் தெரியும் வரை தள்ளிப்போடுவதை விட்டுவிடுங்கள். மீதி அட்டையையும் பத்திரப்படுத்த வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் நோரெத்திஸ்டெரோனைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடோயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்றவை இந்த ஹார்மோனின் வேலையைக் குறைத்துவிடும். அதனால் வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், இப்படிச் சில நாள் சாப்பிடும் மாத்திரையைக் கருத்தடையாக நம்ப முடியாது, ஆணுறை போன்ற பாதுகாப்பு தேவை.

மறுபடி எழுதித் தந்தால் மூன்று மாத்திரையையும் ஏறக்குறைய எட்டு மணி நேர இடைவெளியில் போடுங்கள். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள், இரண்டைச் சேர்த்துப் போடாதீர்கள். மார்பு கனத்தல், வயிறு உப்புசம், தலைவலி, மனம் சோர்தல் ஆகியவை வரக்கூடும், முடிந்ததும் அடங்கிவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், பார்வை மங்கல், இதுவரை வராத அளவுக்குத் தலைவலி, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதற்கெல்லாம் மேலே நான் கவலைப்படுவது ஒன்றுக்குத்தான். 12 நாள் ஏன் ரத்தம் போனது என்பதற்கு இன்னும் விடை இல்லை. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசையில் வளரும் சாதாரணக் கட்டி), பாலிப் (உட்சவ்வில் வளரும் சிறு சதை), தைராய்டு கோளாறு, பிசிஓஎஸ் (முட்டை சரியாக வெளிவராத ஹார்மோன் கோளாறு) என்று காரணம் பலவாக இருக்கலாம். ஹார்மோன் மாத்திரை ரத்தத்தை நிறுத்துமே தவிர இவற்றைக் கரைக்காது. வயிற்று ஸ்கேன், ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனை பற்றிக் கேளுங்கள். 45 வயதைக் கடந்தவர்களுக்குக் கர்ப்பப்பைச் சவ்விலிருந்து சிறு மாதிரி எடுத்தும் பார்க்க வேண்டியிருக்கும். மாதவிடாய் அடியோடு நின்றவர்களுக்கு மறுபடி ரத்தம் வந்தால், காரணம் தெரியும் முன் இந்த மாத்திரையைப் போடவே கூடாது. ஒவ்வொரு மாதமும் அதிகமாகப் போவதுதான் பிரச்சினை என்றால் அந்த நாட்களில் மட்டும் சாப்பிடும், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் பொருத்தும், லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டினை வெளிவிடும் சாதனமும் இருக்கிறது, அது பல ஆண்டு வேலை செய்யும். ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு டிரானெக்ஸாமிக் ஆசிடும் ஆகாது. ஸ்கேன் முடிவு வந்ததும் இந்த இரண்டில் எது உங்களுக்குச் சரிப்படும் என்று டாக்டரிடம் பேசுங்கள்.