புதுக் கத்தியின் வாயில் ஒரு பல்

கேள்வி: ஆன்லைனில் ஒரு மடக்குக் கத்தி வாங்கி நான்கு நாள் ஆகிறது. அலகில் ‘டி2’ என்று பொறித்திருக்கிறார்கள். பழம் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும்தான் வாங்கினேன். தாளை அறுத்தால் முனைக்கு ஒரு விரற்கடை முன்னால், எப்போதும் ஒரே இடத்தில் சிக்குகிறது. வெளிச்சத்தில் பார்த்தால் மணல் பருக்கை அளவுக்கு ஒரு பள்ளம். அலகின் பக்கவாட்டில் மெல்லிய கீறலும் இருக்கிறது. திருப்பி அனுப்பவா, சாணைக்காரரிடம் கொடுக்கவா, நானே தீட்டவா?

பதில்: திருப்பி அனுப்பும் கெடு இன்னும் இருக்கிறது அல்லவா? அப்படியானால் கத்தியைக் கல்லில் வைக்காதீர்கள். ஒருமுறை தீட்டிவிட்டால், அந்தப் பள்ளம் வரும்போதே இருந்தது என்று யாரையும் நம்பவைக்க முடியாது. பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வேலை, அது என்ன குறை என்று கண்டுபிடிப்பது. ‘சிக்குகிறது’ என்று நாம் சொல்வது மூன்று விதமான குறையாக இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மேலே பார்த்திருக்கும்படி பிடித்து, செல்போன் டார்ச்சை நேர் மேலிருந்து அடியுங்கள். நன்றாகத் தீட்டிய வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது, கறுப்புக் கோடாகத்தான் தெரியும். குறை இருக்கும் இடம் மட்டும் வெள்ளிப் பொட்டாக மின்னும். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து, முதுகிலிருந்து வாயை நோக்கி வெளிப்பக்கமாக வழித்துவிடுங்கள். வாயின் நீளவாக்கில் ஓட்ட வேண்டாம். ஒரு பக்கத்தில் மட்டும் பஞ்சு இழை மாட்டினால், அது தொழிற்சாலைச் சாணையில் எடுக்காமல் விட்ட பிசிறு, அல்லது அந்த இடத்தில் வாய் மடங்கியிருக்கிறது. பிசிறு என்றால் தோல் பெல்ட்டின் சொரசொரப்பான உள்பக்கத்தில் பத்து இழுப்பு இழுத்தாலே பெரும்பாலும் போய்விடும். இரண்டு பக்கமும் அதே இடத்தில் மாட்டி, டார்ச்சில் மேடுபள்ளமும் தெரிந்தால் சில்லு பெயர்ந்து பல் விழுந்திருக்கிறது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பல் விழுந்ததுதான். எஃகும் அதற்குத் தோதானதே. டி2 என்பது தகடு வெட்டும் அச்சுகளுக்காக வந்த கருவி எஃகு. ஏறத்தாழ 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். மடக்குக் கத்திகளில் அதை ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டிய கடினத்துக்குப் பதப்படுத்துவார்கள். சிவப்புப் பிடி போட்ட ஸ்விஸ் ஆர்மி கத்தியின் அலகு 55, 56தான். அடி பட்டால் அது மடங்கும், டி2 பெயரும். கூர் நீண்டநாள் நிற்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது. அதோடு, தொழிற்சாலையில் கடைசிச் சாணையின்போது மெல்லிய வாய் சூடேறிவிட்டால் அந்த முதல் வாய் மட்டும் உதிரும் குணத்தோடு வருவதுண்டு. இரண்டு மூன்று முறை தீட்டியதும் உள்ளிருக்கும் நல்ல எஃகு வெளியே வந்துவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒரு சோதனை இருக்கிறது. நான் வாங்கிய முதல் மடக்குக் கத்தியிலும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் பல் விழுந்திருந்தது. தீட்டினேன். ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடி தீட்டினேன், மறுபடி வந்தது. எஃகு மட்டம் என்றே முடிவுகட்டிவிட்டேன். பிறகுதான் வாய் முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசி மடக்கிப் பார்க்கத் தோன்றியது. மெதுவாக மடக்கினால் மை அப்படியே இருந்தது. ஸ்பிரிங் இழுக்கிற வேகத்துக்கு விட்டு ‘டக்’ என்று மடக்கியபோது பல் இருந்த இடத்தில் மட்டும் மை அழிந்திருந்தது. பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் அலகின் வாய் போய் இடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக மடக்கும்போது அலகின் அடிப்பகுதி தாங்கிக்கொள்கிறது. வேகமாக அடிக்கும்போது ஸ்பிரிங் ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்க, வாய் அந்த மயிரிழை உள்ளே இறங்கி மோதுகிறது.

ஆகவே உங்கள் கத்திக்கும் மார்க்கர் சோதனையை இரண்டு விதமாகவும் செய்யுங்கள். பூட்டு வைத்த கத்தி என்றால் ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் பிடியின் முதுகுப்பக்கம் உள்ள கட்டையில் இடிக்கலாம். மை அழிந்தால் அது தயாரிப்புக் கோளாறு. தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். கெடு தாண்டிவிட்டால், இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மடக்கப் பழகுங்கள். தீட்டும்போது வாய் கொஞ்சம் தேய்வதால் இடைவெளி கூடும். லேசாகத் தொடுகிற கத்தியாக இருந்தால், பல்லை முழுக்கத் தேய்த்து எடுப்பதிலேயே இடிப்பதும் நின்றுபோகலாம். நான் இரண்டு முறையும் பல்லை அரைகுறையாக எடுத்ததால்தான் அது திரும்பத் திரும்ப வந்தது.

மை அழியவில்லை, பல் அரை மில்லிமீட்டருக்குள்தான் என்றால் நான் திருப்பி அனுப்பமாட்டேன். ஆனால் மின் சாணைக்குக் கொடுக்காதீர்கள். கை தேர்ந்த சாணைக்காரர்கள் இருக்கிறார்கள், அரிவாளுக்கும் அருவாமனைக்கும் அவர்களை நம்பலாம். காகிதம்போல் மெலிந்த இந்த வாயோ தண்ணீர் இல்லாத சக்கரத்தில் சில நொடிகளில் சூடேறிவிடும், முதுகைப் பிடித்திருக்கும் விரலுக்கு அது தெரியவே தெரியாது. எஃகில் நீலம் ஏறுவதற்குள் சூடு 300 டிகிரியைத் தொட்டிருக்கும். அந்த இடத்தில் பதம் கெட்டுவிட்டால், நீலம் ஏறிய எஃகை முழுக்கத் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் மென்மை என்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கார்பரண்டம் கல் போதும். டி2 மெதுவாகத்தான் தேயும். வைரத்தூள் பதித்த தகடு இருந்தால் வேலை பாதி. அலகைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள், அதில் பாதிக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள், மறுபடி பாதிக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 22 டிகிரி வந்துவிடும். அதிலிருந்து இன்னும் ஒரு பொட்டு சாய்த்தால் சரி. இங்கேயும் மார்க்கர் உதவும். வாயின் சரிவில் மை பூசி நான்கு இழுப்பு இழுத்துப் பாருங்கள். சரிவின் மேல்பக்கம் மட்டும் மை போனால் கத்தி அதிகம் சாய்ந்திருக்கிறது, வெட்டும் விளிம்பில் மட்டும் போனால் அதிகம் நிமிர்ந்திருக்கிறது.

பல் இருக்கும் இடத்தை மட்டும் தேய்க்கவே கூடாது. அங்கே வாய் உள்வாங்கி, பலகையில் வைத்து வெட்டினால் வெங்காயத் தாள் அறுபடாமல் தொங்கும். அடியிலிருந்து முனைவரை முழு நீளமும் ஒரே சீராக இழுங்கள். ஒரு பக்கம் முழுக்கப் பிசிறு எழும்பியதை விரலால் உணர்ந்த பிறகே மறுபக்கம் திருப்புங்கள். பிறகு மென்மையான பக்கத்தில் மாற்றி மாற்றி, கத்தியின் சொந்த எடை மட்டும் அழுத்தும்படி சில இழுப்பு. கடைசியாகப் பெல்ட்டில், முதுகு முன்னே போகும்படி.

பக்கவாட்டுக் கீறலை விட்டுவிடுங்கள். வெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தேய்த்து மறைக்கப் போனால் சுற்றியுள்ள மெருகும் மங்கும். ஆனால் டி2 முழுத் துரு எதிர்ப்பு எஃகு அல்ல. எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே கழுவித் துடையுங்கள். அலகுக்குத் துளி தேங்காய் எண்ணெய் போதும். மடக்கும் மூட்டுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள், தேங்காய் எண்ணெய் அங்கே பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும்.

தீட்டி முடித்ததும் அதே தாளை எடுத்து அறுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் இன்னும் லேசாக ‘சர்’ என்று கேட்டால், மார்க்கர் சோதனையில் தேறிய கத்தியாக இருக்கும்பட்சத்தில் அன்றைக்கு அதோடு விடுங்கள். அரை மில்லிமீட்டரை ஒரே நாளில் தேய்த்து எடுத்தால் நல்ல எஃகும் சேர்ந்து போகும். அடுத்த இரண்டு மூன்று முறை வழக்கமாகத் தீட்டும்போது மிச்சமும் தேய்ந்துவிடும். அதுவரை ஆப்பிள் நறுக்க அது தடையாக இருக்காது.